நாலு கை வேலை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்வி ஒரு வரிதான். அதற்கு முன்னால் இரண்டு பக்கத்துக்குப் புகார். மதுரைக்கு மாற்றலாகி வந்து வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். நீங்கள், உங்கள் கணவர் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறீர்கள். தொடர் விடுமுறை வந்தால் ஒன்று, கொடைக்கானல் பாதையில் முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தபடி அரைநாள் போய்விடுகிறது. இல்லையென்றால் வீட்டு வேலை பார்க்கலாம் என்று காலையில் ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகிறது. "நீங்க ரெண்டு பேரும் லீவுல என்னதான் பண்ணுவீங்க?" என்று முடித்திருக்கிறீர்கள். இதே புகார் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதனால் உங்கள் பெயரை விட்டுவிட்டு எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

கொடைக்கானல் கதையை முதலில் முடித்துவிடலாம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர். உயர் நீதிமன்றம் சொல்லி, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் வண்டியில் ஏற வேண்டும் என்று ஆகிவிட்டது. அவ்வளவு பேர் போகிறார்கள். கொடைக்கானல் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. சும்மா கிடக்கிற ஒரு செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். ஊரே கிளம்புகிற அன்றைக்கு நாமும் கிளம்பினால், பார்த்துவிட்டு வருவது அந்த ஊரை அல்ல, அங்கே வந்த கூட்டத்தை.

சண்டைக்கு வருகிறேன். அது எங்கே ஆரம்பிக்கிறது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அவர் ஸ்டூலில் ஏறி ஃபேன் துடைக்கிறார். நீங்கள் கீழே நின்று, "அந்த ரெக்கையில இன்னும் தூசி இருக்கு" என்கிறீர்கள். அங்கேதான். ஃபேன் துடைப்பது ஒற்றை ஆள் வேலை. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஒற்றை ஆள் வேலையைக் கையில் எடுத்தால், சும்மா நிற்கிற இன்னொருவர் மேஸ்திரி ஆகிவிடுவார். குணம் கெட்டதனால் இல்லை. கைக்கு வேலை இல்லாதபோது வாய்க்கு வேலை வருகிறது. நாளைக்கு நீங்கள் அலமாரி அடுக்கும்போது அவர் வந்து நின்றாலும் இதேதான்.

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. தொடர் விடுமுறைக்கு என்று நாலு கை வேண்டிய வேலைகளை மட்டும் ஒதுக்கி வைப்போம். குழாய்க்கு வாஷர் மாற்றுவது, கேஸ் அடுப்பு பர்னர் கழுவுவது, பேப்பர் கட்டிப் போடுவது எல்லாம் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு. ஒருவர் செய்யும்போது மற்றவர் தூங்கலாம். தூங்கினால் நல்லது.

வெளியே போவதற்கும் இதே கணக்குதான். ஒருவருக்கு நன்றாகத் தெரிந்த இடத்துக்கு இன்னொருவரைக் கூட்டிப் போனால், தெரிந்தவர் வழிகாட்டி ஆகிவிடுவார்; மற்றவர் பள்ளிக்கூடப் பிள்ளை. இருவருக்குமே புதிதாக, மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற தூரத்தில் இருக்கிற இடமாகப் பாருங்கள். மதுரையில் அதற்குப் பஞ்சமே இல்லை.

2023இல் ஆயுத பூஜை திங்கட்கிழமையும் விஜயதசமி செவ்வாய்க்கிழமையும் வந்தன. முன்னால் சனி, ஞாயிறு. பஞ்சாங்கமே அடுக்கிக் கொடுத்த மாதிரி ஒரு விடுமுறை. அந்த வருஷம் மார்ச் 5 அன்றுதான் கீழடி அருங்காட்சியகத்தைத் திறந்திருந்தார்கள். பக்கத்தில் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீட்டரில் இருந்தும் எங்கள் இருவரில் யாரும் போயிருக்கவில்லை. சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

கட்டடம் செட்டிநாட்டு வீட்டுப் பாணி. முற்றம், தூண், ஓட்டுச் சாய்ப்பு. உள்ளே தங்கம், தந்தப் பகடை, மணிகள் இருக்கிற கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றித்தான் கூட்டம். அகழாய்வில் கிடைத்த ஒரு கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019இல் வெளியான அறிக்கை சொன்ன நாளிலிருந்து எல்லோருக்கும் அந்த எண்தான் மனப்பாடம். எங்களை நிறுத்தியது பானை ஓடு. ஆதன், குவிரன் என்று பெயர் கீறிய ஓடுகள். எழுத்து ஒன்றுபோல இல்லாததால், பானை செய்தவர் அல்லாமல் பானைக்கு உரியவர்களே கீறியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் என் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது. சீர்ப் பாத்திரம் எதை எடுத்தாலும் அடியில் ஒரு பெயர் இருக்கும். "குடத்தை யார் எடுத்துட்டுப் போனாங்கன்னு அந்தக் காலத்துலயும் சண்டை நடந்திருக்கும் போல" என்றார் என் கணவர். பின்னால் நின்ற ஒரு பாட்டி, எங்களைத் தெரியவே தெரியாது, சத்தமாகச் சிரித்தார்.

அதற்குப் பக்கத்தில்தான் கூரை ஓடு. பார்க்க ஒன்றுமில்லாத சிவப்பு ஓடு. அதன் மேல், மண் ஈரமாக இருந்தபோதே விரலால் இழுத்த பள்ளங்கள். மழைத் தண்ணீர் தேங்காமல் ஓடிவிட. மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டுவதற்குத் துளை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய யாரோ ஒருவரின் விரல் அகலம் அப்படியே தெரிகிறது. அந்த ஓட்டின் முன்னால் நின்றுதான் நான் சொன்னேன்: "ஏங்க, நம்ம மாடித் தண்ணி இறங்குற தொட்டியைத் திறந்து எவ்வளவு நாளாச்சு?"

ஐப்பசி பிறந்திருந்தது. எந்த நேரமும் மழை பிடிக்கலாம். நாலு கை வேலை கிடைத்துவிட்டது.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்காது. அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். தெருத்தெருவாக வாசலைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நல்ல சட்டம். நிலத்தடி நீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தொட்டியைக் கட்டியதோடு சரி என்று விட்டவர்கள்தான் அதிகம். வடிகட்டித் தொட்டி என்பது மேலே மணல், நடுவில் கூழாங்கல், அடியில் பெரிய கருங்கல் ஜல்லி. மாடியிலிருந்து வருகிற தூசியும் இலையும் காக்கை எச்சமும் மணலின் மேல் படிந்து படிந்து ஏடு கட்டிவிடும். ஏடு கட்டிய மணல் தண்ணீரை உள்ளே விடாது. மழை பெய்யும்போது தொட்டி நிரம்பி வாசலில் வழிந்தால், "எங்க வீட்டுத் தொட்டி நிறைஞ்சிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறையவில்லை அம்மா, அடைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சமணர் மலை போய்விட்டு வந்தோம். அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களே போய்ப் பார்க்க வேண்டிய இடம். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் கீழக்குயில்குடி. அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரம். பாறையில் வெட்டிய படியில் ஏறினால் பேச்சிப்பள்ளம். வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், கீழே யார் செய்வித்தது என்று வட்டெழுத்து, பக்கத்தில் ஒரு சின்னச் சுனை. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே பெரிய உருவமாக உட்கார்ந்திருக்கிற தீர்த்தங்கரரின் நீண்ட காதைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலான சிற்பங்கள். ஒரே விஷயம், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும்; கருங்கல் சூடேறினால் செருப்பையும் மீறிச் சுடும்.

நாலு மணிக்கு மேல் தொட்டியைத் திறந்தோம். மூடியே நாலு கை வேலைதான். சிமென்ட் பலகை, இரண்டு பக்கமும் கம்பி வளையம். ஒருவர் "ம்" என்று சொல்லாமல் மற்றவர் தூக்கினால் விரல் நசுங்கும். மணலின் மேல் ஏடு கறுத்துப்போய், பக்கத்து வீட்டு முருங்கையின் வேர் உள்ளே வந்து வலை பின்னியிருந்தது. மேல் மணலை வழித்து எறிந்துவிட வேண்டும், அதைக் கழுவிப் பயனில்லை. கூழாங்கல்லையும் ஜல்லியையும் தனித்தனியாக அள்ளி, பாண்டில் போட்டு, தண்ணீர் தெளிகிறவரை அலச வேண்டும். திருப்பிப் போடும்போது ஜல்லி, கூழாங்கல், அதன் மேல் ஒரு நைலான் வலை, அப்புறம் புது மணல். வலை போட்டால் மணல் கீழே இறங்காது. அடுத்த வருஷம் வலையைச் சுருட்டினால் மணல் மொத்தமும் கையோடு வந்துவிடும். மாடியில் குழாய் வாயில் ஒரு ஜாலி மாட்டி, இலையைக் கூட்டித் தள்ளினால் வேலை முடிந்தது. முதல் மழையை மட்டும் தொட்டிக்கு விடாதீர்கள். மாடி கழுவுகிற தண்ணீர் அது, சாக்கடைக்குப் போகட்டும்.

இவர் குழிக்குள் நின்று அள்ளிக் கொடுக்க, நான் படியில் உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தேன். இருட்டிக்கொண்டு வரும்போது, கல்லைப் பார்த்தபடியே கேட்டார்: "அம்மாவை இங்கயே கூட்டிட்டு வந்துரலாமா?"

அதை அவர் மாதக்கணக்காக மனசில் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜையில் அதைக் கேட்டிருந்தால் நான் உடனே ஒரு பதில் சொல்லியாக வேண்டும். முகத்தைப் பார்த்தே அவர் வேறு பதிலும் படித்துக்கொள்வார். இங்கே என் கையில் ஒரு பாண்டு கல் இருந்தது. அதை அலசி முடித்துவிட்டுத்தான் சொன்னேன்: "அந்த ரூம் ஜன்னல்ல கொசுவலை இல்ல. அத்தைக்குக் கொசு கடிச்சா தூக்கம் வராது."

அவருக்குப் புரிந்துவிட்டது. கையைக் கழுவிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

இரவு ஜன்னல் சட்டத்தைத் துடைத்து வெல்க்ரோ ஒட்டினோம். இந்தப் பட்டையில் இரண்டு பாகம் உண்டு: சொரசொரவென்று ஒன்று, மெத்தென்று ஒன்று. சொரசொரப்பான பாகம் சட்டத்துக்கு. மெத்தென்றது வலையின் ஓரத்தில் தைப்பதற்கு. மரச்சட்டத்தில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ஒட்டாது. ஒட்டிய கையோடு வலையை மாட்டி இழுத்தாலும் பிய்ந்துவிடும். ஒரு நாள் முழுசாக விட வேண்டும். எங்களுக்கு அது சௌகரியமாகப் போயிற்று. மறுநாள் ஆயுத பூஜை, வேலை செய்யக் கூடாது. பசைக்கு மட்டும் பூஜை விடுமுறை கிடையாது.

இந்தப் பண்டிகையை வைத்தவர்கள் விவரமானவர்கள் என்று எனக்கு ஓர் எண்ணம். திருப்புளி, குறடு, சுத்தியல், டிரில்லிங் மெஷின், தையல் மெஷின், அரிவாள்மனை எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலையோடு படைத்துவிட்டால் அன்றைக்கு எதையும் தொடக் கூடாது. தொடலாமா வேண்டாமா என்ற பேச்சே இல்லை. மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து, ஒரு சின்ன வேலையாவது செய்தாக வேண்டும். ஓய்வும் கட்டாயம், ஆரம்பிப்பதும் கட்டாயம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கருவிப் பெட்டியைக் கொட்டித் துடைப்பதால், துருப்பிடித்தது எது, காணாமல் போனது எது, பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்து வாங்கித் திருப்பித் தராதது எது என்பதும் வெளியே வந்துவிடும். அரிவாள்மனைக்கும் ஓய்வு என்பதை நான் சற்றுக் கண்டிப்பாகவே கடைப்பிடிப்பேன். ராத்திரிக்குப் பரோட்டா வாங்கி வந்தார். மீனாட்சியம்மன் கோயில் கொலு பார்க்கப் போகலாம் என்று பேச்சு வந்து, சித்திரை வீதியில் கூட்டத்தை நினைத்ததும் அடங்கிவிட்டது.

விஜயதசமிக் காலையில் தையல் மெஷினை எடுத்து முதல் தையலாக வலையின் ஓரத்தை அடித்தேன். வலையைச் சட்டத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டி, மடித்துத் தைத்தால்தான் நிற்கும். மாட்டுவது மறுபடியும் நாலு கை வேலை. மேல் ஓரத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மூலையிலிருந்து ஆரம்பித்தால் அடுத்த மூலையில் சுருக்கம் விழும்.

"அந்த ஓரம் சுருங்குது பாருங்க, இழுங்க."

"இழுத்துட்டுத்தான இருக்கேன். நீ விடு."

"நான் விட்டா மொத்தமும் வந்துரும்."

இதையும் சண்டை என்று நீங்கள் சொல்வீர்களோ என்னவோ. நாங்கள் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கையிலும் வலை இருக்கிறது. அத்தை அந்த அறையில்தான் இப்போது இருக்கிறார். வலையைப் பற்றி அவர் கருத்து, காற்று வரவில்லை என்பது.

நாலு கை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றிலும் கை வைத்துவிடாதீர்கள். தரைக்குள் இருக்கிற சம்ப் தொட்டியில் இறங்குவதை நினைத்தே பார்க்காதீர்கள். மூடியே கிடந்த சம்பில் மூச்சுக்குக் காற்று இருக்காது. இறங்கினவரைக் காப்பாற்ற இறங்கினவரும் சேர்ந்து போன செய்திகளைப் படித்திருப்பீர்கள். பிளீச்சிங் பவுடரையும் கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிடையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். ஸ்விட்ச் போர்டில் லேசாகக் கருகிய வாசனை வந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீடியோ பார்த்துச் செய்கிற வேலை அல்ல அது.

வாடகை வீடு என்கிறீர்கள், அதனால் சுவரில் துளை போடுகிற வேலை எதுவும் வேண்டாம். கொசுவலைக்கு ஆணி தேவையில்லை, வெல்க்ரோ போதும். வீடு மாறும்போது வலையைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். மழைநீர்த் தொட்டியை வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத் திறவுங்கள். அவர் ஆச்சரியப்படுவார், அடுத்த தடவை வாடகை ஏற்றும்போது இரண்டு நிமிஷம் யோசிப்பார் என்று நம்பலாம். இருவராகச் செய்ய இன்னும் சில: பீரோவை நகர்த்திப் பின்னால் கூட்டுவது, மெத்தையைத் தூக்கி மாடி வெயிலில் போட்டுத் தட்டுவது, கனமான திரைச்சீலையையும் ஜமுக்காளத்தையும் அலசி முறுக்கிப் பிழிவது. கடைசியாகச் சொன்னதை வாஷிங் மெஷின் செய்துவிடும் என்று உங்கள் கணவர் சொல்வார். செய்யாது, ஜமுக்காளம் உள்ளே போனால் டிரம் சுற்றாது.

கீழடி, சமணர் மலை இரண்டும் முடித்துவிட்டால் அடுத்து அரிட்டாபட்டி போங்கள். மேலூர்ப் பக்கம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர். மலைகள், ஏரி, குடைவரைச் சிவன் கோயில், தமிழிக் கல்வெட்டு எல்லாம் ஒரே காலையில் பார்த்துவிடலாம். வல்லூறு பறப்பதைப் பார்க்கவென்றே பறவை ஆர்வலர்கள் வருகிறார்கள். 2024இல் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டு, ஊர்கள் திரண்டு எதிர்த்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரிடமாவது அதைப் பற்றிக் கேட்டால் போதும், உங்களுக்கு வழிகாட்டி தேவைப்படாது. மழை பிடித்து வெளியே கிளம்ப முடியாவிட்டால் புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. பண்டிகை நாளில் திறந்திருக்குமா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் இருவரும் வேறு வேறு மாடிக்குப் பிரிந்துவிடுங்கள். புத்தகம் படிப்பது ஒற்றை ஆள் வேலை.

அன்புடன்,
உங்கள் கடிதங்களை மிச்சம் வைக்காமல் படிக்கிறவள்

பி.கு.: ஆயுத பூஜை அன்று ராத்திரி இருசக்கர வண்டியில் வெளியே போனால் மெதுவாகப் போங்கள். ரோட்டு நடுவில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று போலீஸார் வருஷா வருஷம் சொல்கிறார்கள். வருஷா வருஷம் உடைக்கிறார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் "அங்க பூசணிக்கா, அங்க பூசணிக்கா" என்று சொல்லிக்கொண்டே வருவதை மேஸ்திரித்தனத்தில் சேர்க்க வேண்டாம்.